வேனின் முதுகில் எழுதிய ரகசியம்

பிப்ரவரி 4

என் அருமை நாத்தனாருக்கு, கணக்கம்மாவுக்கு,

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. வரிசை மாறினால் தைரியம் போய்விடும்.

போன வாரம் நீ போனில், "பாஸ்வேர்டை யாருக்காவது சொன்னீங்களா அண்ணி?" என்று கேட்டாய். "சத்தியமா ஒருத்தருக்கும் சொல்லல" என்றேன். அது உண்மைதான். வாயைத் திறந்து யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் நம் லாண்டரியின் பெயரையும் போன் நம்பரையும் சேர்த்துத்தான் பாஸ்வேர்டாக வைத்திருந்தேன். இரண்டும் நம் வேனின் முதுகில் நீலப் பெயிண்டில் ஒரு முழ உயரத்துக்கு இருக்கின்றன. மறந்துபோனால் வாசலுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாமே என்று நினைத்தேன். உன் அண்ணன் தினமும் அதை ஊர் முழுக்க ஓட்டிக்கொண்டு போனார். வெயிலில் மங்குகிறது என்று போன வருஷம் மறுபடி பெயிண்ட்கூட அடித்தோம்.

"மாத்துங்க, மாத்துங்க" என்று நீ இரண்டு தரம் சொன்னாய். மாற்றிவிட்டேன் என்றேன். நான் மாற்றியது வேனின் டயரை. நீ கேட்ட நேரத்தில் அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது திட்டு. காகிதத்தில் திட்டினால் எனக்குக் காது வலிக்காது.

நடந்ததை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்து. திருடன் நம் இமெயிலுக்குள் நுழைந்து பூனை மாதிரி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். எந்த ஓட்டலுக்கு என்ன பில் போகிறது, யார் எப்போது பணம் போடுகிறார்கள் என்று எல்லாவற்றையும் படித்திருக்கிறான். பிறகு நம் இமெயிலிலிருந்தே பெரிய ஓட்டலுக்கு, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிமேல் இந்தப் புதுக் கணக்கில் போடவும்" என்று எழுதியிருக்கிறான். அவர்களும் இரண்டு மாதப் பணத்தை அங்கே போட்டுவிட்டார்கள். கடிதத்தை ஓட்டல்காரர்கள் காட்டினார்கள். "தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன்" என்று ஆரம்பிக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். "பில் வெச்சிருக்கேன், பாத்துட்டுப் போடுங்க" என்றுதான் எப்போதும் எழுதுவேன். என் பேரில் பணிவு வந்ததுமே அவர்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா?

ஓட்டல், "நாங்க குடுத்தாச்சு" என்கிறது. நம் கணக்கில் ஒரு பைசா இல்லை. அவர்கள் விரிப்பும் துண்டும்தான் நம் வேலையில் முக்கால்வாசி. இந்த மாதக் கடைசிக்குள் பணம் வராவிட்டால் ஷட்டரை இழுத்துவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். துண்டுக்கு மட்டும் பஞ்சமில்லை. இஸ்திரி போடும் அக்காவும் மற்ற மூன்று பெண்களும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் கேட்காததுதான் என்னைக் கொல்கிறது.

என் போனையும் கம்ப்யூட்டரையும் சைபர் போலீஸ் சோதிக்க எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உன் அண்ணன் போனில் பேசலாம்தான். ஆனால் அன்றைக்கு நீ போட்ட சத்தத்தில் அவர் போனை மேஜையில் வைத்துவிட்டு, தள்ளி நின்று கேட்டார். அதனால்தான் கடிதம்.

உன் வாயாடி அண்ணி

பி.கு. நலமா? கேட்கவே மறந்துவிட்டேன்.


பிப்ரவரி 9

அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதத்தை அலுவலகத்தில், மதிய இடைவேளையில் படித்தேன். டயர் வரி வந்ததும் சிரித்துவிட்டேன். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் கோபத்தோடு கோபமாக, ஓட்டலுக்கு ஒரு நோட்டீஸ் தயார் செய்தேன். "எங்கள் தரப்பில் எந்தக் கவனக்குறைவும் இல்லை. உறுதி செய்யாமல் வேறு கணக்கில் பணம் போட்டது உங்கள் தவறு. முழுத் தொகையையும் மறுபடி தர வேண்டும்" என்று எழுதியிருந்தேன். எங்கள் செருப்புக் கம்பெனியின் வக்கீலிடம் காட்டியபோது, நன்றாக இருக்கிறது, அனுப்பு என்றார். தபால் பெட்டி வரை கொண்டுபோய்விட்டு, தபால்தலை இல்லாமல் திரும்பி வந்தேன். மறுநாள் உங்கள் கடிதம் வந்துவிட்டது.

இப்போதும் அனுப்பலாம். வேன் விஷயம் நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அனுப்பினால் பணம் வர வாய்ப்பு அதிகம். லாண்டரி பிழைக்கும். அந்த நாலு பேருக்கும் சம்பளம் கிடைக்கும்.

ஆனால் உங்கள் போன் போலீசிடம் இருப்பதால், ஓட்டலின் கணக்குப் பெண் எனக்குப் போன் செய்தாள். பணத்தைப் போட்டவள் அவள்தான். நம்மை மிரட்டக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். "அக்கா, உங்க சைடுல ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்கக்கா, என் சம்பளத்துல பிடிக்கிறேன்னு சொல்றாங்க" என்றாள். அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அப்போது நமக்கு எந்தத் தவறும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் கணக்குப் பார்ப்பவள். இதில் எனக்குக் கணக்கு வரவில்லை. நீங்களே முடிவு செய்யுங்கள்.

அதற்கிடையில் இதையாவது செய்யுங்கள். கம்ப்யூட்டர் திரும்பி வந்ததும் புதுக் கடவுச்சொல் வையுங்கள். சம்பந்தமே இல்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து, நீளமாக. எந்தச் சுவரிலும், வண்டியிலும், மூட்டையிலும் இல்லாததாக. வங்கிக்கு வேறு, இமெயிலுக்கு வேறு. விஷயம் தெரிந்த அன்றே அண்ணனை விரட்டி வங்கியிலும் போலீசிலும் புகார் கொடுக்கச் செய்தது நல்லதாயிற்று. திருடனின் கணக்கில் பணம் உட்கார்ந்திருப்பதில்லை, கை மாறிக்கொண்டே போகும். எவ்வளவு சீக்கிரம் கத்துகிறோமோ அவ்வளவு மிஞ்சும். கத்துவதில் நம் குடும்பம் பின்தங்கியதில்லை.

சாப்பிடுகிறீர்களா?


பிப்ரவரி 15

கணக்கம்மாவுக்கு,

சாப்பிடுகிறேன். கவலை வந்தால் சிலருக்குப் பசிக்காதாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர், "நோட்டீஸ் அனுப்பினா பணம் வரும்ல?" என்று கேட்டார். "வரும்" என்றேன். வேன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "அந்தப் பொண்ணு எனக்குக் கதவைத் திறந்து பிடிக்கும், மூட்டையோட போறப்ப" என்றார். மறுநாள் ஓட்டலுக்கு விரிப்புகள் எடுத்துப் போனபோது நானும் வேனில் ஏறிக்கொண்டேன். எங்கே, ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. உன் அண்ணனை நான் கட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேனேஜர் அறை இரண்டாவது மாடி. மூட்டை ஏற்றும் லிஃப்டில்தான் போனேன், துண்டுகளோடு துண்டாக. அறையில் அந்தப் பெண்ணும் நின்றுகொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"சார், இந்தக் கணக்குப் பொண்ணு மேல தப்பு இருந்தா அது கொஞ்சம்தான். மிச்சம் கீழ நிக்குது. ஜன்னல் கிட்ட வாங்க" என்றேன்.

வந்தார். வேனைக் காட்டினேன். "அதான் சார் எங்க பாஸ்வேர்டு."

மனுஷன் உதட்டை அசைத்து முழுசாகப் படித்தார். "இதுவா?"

"இதேதான். நடுவுல இடம் விடாம அடிக்கணும்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இதை ஏம்மா எங்கிட்ட வந்து சொல்றீங்க? நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"தூக்கம் வரல சார். பக்கத்துல படுக்கிற மனுஷன் குறட்டை வேற."

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். "கணக்கு மாறிடுச்சுன்னு பாத்ததும் இவங்களுக்கு ஒரு போன் பண்ணணும்னு நெனச்சேன் சார். நீங்கதான், அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல போட்டு முடின்னீங்க." சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தாள், ஓடிவிடலாமா என்பது போல. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

நீண்ட பேச்சைச் சுருக்குகிறேன். வங்கி எதையாவது பிடித்துக் கொடுத்தால் அதைக் கழித்துக்கொண்டு, மிச்ச நஷ்டத்தில் அவர்கள் பாதி, நாம் பாதி. அவர்கள் பங்கை இந்த மாதமே தருகிறார்கள். அந்தப் பெண்ணின் சம்பளத்தில் கை வைப்பதில்லை. வேலையும் நம்மிடமே இருக்கும். ஆனால் இனிமேல் வங்கிக் கணக்கு மாற்ற வேண்டுமென்றால் இமெயில் செல்லாது. வேனில் வருகிற உன் அண்ணன் கையால் காகிதம் வர வேண்டும். பிறகு அவள் பழைய பில்லில் இருக்கும் நம்பருக்குத் தானே போன் போட்டு என்னிடம் கேட்க வேண்டும். அவளோடு இன்னொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் அவள் சொன்னதுதான்.

"இப்பல்லாம் குரலையே திருடுறாங்களாமே?" என்றார் மேனேஜர்.

"என் குரலையா? வீட்டுக்காரரே அரை விலைக்கு வாங்க மாட்டாரு சார்" என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

பாதி நஷ்டம் என்றால் சின்ன டிரையரை விற்க வேண்டியிருக்கும். இருந்தாலும் அன்றைக்கு ராத்திரி தூங்கினேன், குறட்டையையும் மீறி.

நம் தெரு எப்படி இருக்கிறது தெரியுமா? நம் கதை பரவியதும் முட்டைக்கடைக்காரர் போனில் பணம் கட்டும் அட்டையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். கையில் காசில்லாதவர்கள் முட்டை வாங்காமல் போகிறார்கள். முட்டை மீந்ததால் பண்ணைக்காரரிடம் பாதிதான் எடுத்தாராம். சோப்புத்தூள்காரர் எல்லாருக்கும் கடனை நிறுத்திவிட்டார். சாவி செய்கிறவர், "வங்கிலேர்ந்து பேசறோம்"னு வந்த போனுக்கு ஏதோ நம்பரைச் சொல்லிப் பணத்தை இழந்ததை இப்போதுதான் வெளியே சொல்கிறார். வெட்கப்பட்டுப் பூட்டி வைத்திருந்தாராம், பூட்டைத் திறக்கிற மனுஷன்!

போன வருஷம் சமையல்காரர் கோட்டுப் பையில் ஒரு பேனா இருந்தது தெரியாமல் டிரையரில் போட்டோமே, நினைவிருக்கிறதா? ஒரே ஒரு பேனா. கோட்டு மட்டுமா போயிற்று? கூடச் சுற்றிய அத்தனை வெள்ளையும் புள்ளி புள்ளியாக வந்தது. அந்த மாதிரிதான் இருக்கிறது இப்போது.

அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் போடு. நீ என்ன சொல்லிவிட்டாய் என்று அவளும் என்னிடம் சொல்லவில்லை.

வாயாடி


பிப்ரவரி 21

அண்ணிக்கு,

அவளிடம் பேசிவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லக்கா, உங்க அண்ணி வந்துட்டுப் போனாங்க" என்றாள், அது ஒரு பதில் என்பது போல. யோசித்துப் பார்த்தால் பதில்தான்.

பேனா உதாரணத்தை எங்கள் அலுவலகத்தில் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லாமல் என்னுடையது போலச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எங்களுக்குத் தோல் தருகிற ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களை யாரோ பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். கம்பெனி கொடுக்கவில்லை, தனியாக நகல் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தது. ஆனாலும் எல்லாவற்றையும் திருப்பி ஏற்றி முடிக்கும்வரை தோல் வரவில்லை. எங்கள் தையல் வரிசை சும்மா உட்கார்ந்தது. லாரிக்காரர்கள் வாடகை இல்லாமல் வாசலில் சீட்டாடினார்கள். சரக்கு தாமதம் என்று வெளியூர் வியாபாரி விலையைக் குறைத்தார். திருடனுக்குச் சல்லிக்காசு போகவில்லை, அண்ணி. அப்படியும் இத்தனை பேருக்கு நஷ்டம். இப்போது காவலுக்கென்று புதிதாக ஆட்களும் மென்பொருளும் வாங்கியிருக்கிறார்கள். அந்தச் செலவு செருப்பு விலையில் ஏறும். எங்கோ ஒருவர் செருப்பு வாங்கும்போது, தான் பார்த்தே இராத ஒரு திருடனுக்கும் சேர்த்துக் கொடுக்கப்போகிறார்.

நான் இந்த மாதிரி எழுதிக்கொண்டே போவது வேறொன்றைச் சொல்லாமல் தள்ளிப்போடத்தான்.

அந்த இமெயிலை உங்களுக்கு அமைத்துக் கொடுத்தவள் நான். போன தடவை வந்தபோது. அதில் இரண்டாவது பூட்டு ஒன்று உண்டு. பாஸ்வேர்டு தெரிந்தாலும், உங்கள் போனுக்கு வருகிற எண்ணைச் சொன்னால்தான் திறக்கும். அதைப் போட்டிருந்தால் வேனின் நாலு பக்கமும் எழுதியிருந்தாலும் அவனால் நுழைந்திருக்க முடியாது. அண்ணன் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன். போனில் உங்களிடம் அவ்வளவு சத்தம் போட்டது அதனால்தான் போலிருக்கிறது. உங்களைத் திட்டிக்கொண்டிருக்கும்வரை அது எனக்கு நினைவுக்கு வராது அல்லவா?

டிரையரை விற்க வேண்டாம் என்று எழுத ஆசை. எழுத முடியவில்லை. என்னால் முடிந்ததை அண்ணன் கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன். அனுப்பும் முன் அவருக்குப் போன் செய்து கணக்கு எண்ணைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். "பத்து வருஷமா அதே நம்பர்தானே?" என்று அலுத்துக்கொண்டார். இனிமேல் எப்போதும் கேட்பேன்.


மார்ச் 2

என் தங்கமே,

ரெண்டாவது பூட்டு, மூணாவது பூட்டு என்று மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. ஹாரன் அடித்த மனுஷன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அவரும் ஏற்றுக்கொண்டார். பெரிய மனசு.

நல்ல சேதி முதலில். திருடன் மூன்றாவது கணக்குக்குத் தள்ளுவதற்குள் வங்கி கொஞ்சத்தைப் பிடித்துவிட்டது. மொத்தத்தில் கால்வாசிதான். நாம் அன்றே புகார் கொடுத்ததால் இதாவது கிடைத்ததாம், மறுநாள் என்றால் அதுவும் இல்லை என்கிறார் அதிகாரி. ஓட்டலின் பங்கும் வந்துவிட்டது. நீ அனுப்பியதும் வந்தது. நாலு பேருக்கும் சம்பளம் கொடுத்துவிட்டேன். இஸ்திரி அக்கா நோட்டுகளை எண்ணாமல் இடுப்பில் செருகிக்கொண்டு, "சின்ன டிரையர் போயிடுச்சேன்னு மூஞ்சத் தூக்கி வெச்சுக்காத. வெயில் இருக்கு, கொடி இருக்கு" என்றாள். ஆமாம், டிரையர் போய்விட்டது. அது நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக இருக்கிறது. வாங்கினவர் கொண்டுபோகும்போது நான் உள்ளே போய் வேலை இருப்பது போல ஒரு துண்டை நாலு தரம் மடித்தேன். ஆனால் ஷட்டர் திறந்திருக்கிறது. பெரிய மெஷின் ஓடுகிறது. இப்போதுகூட அது ஆடுகிற ஆட்டத்தில்தான் என் கையெழுத்து இப்படி.

முட்டைக்காரர் அட்டையை மறுபடி வெளியே மாட்டிவிட்டார். நான்தான் போய்ச் சண்டை போட்டேன். "முட்டை உடையுதுன்னு கோழியவா நிறுத்திட்ட?" என்று கேட்டேன். பணம் வந்த சத்தம் தன் போனில் கேட்டால்தான் முட்டையைக் கொடுப்பது, வாங்குகிறவர் தன் போனில் காட்டுகிற படத்தை நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறார். வேனையும் தொடவில்லை. அது வெறும் விளம்பரம்தான் இப்போது. புதுப் பாஸ்வேர்டு எங்கும் எழுதவில்லை, உன் அண்ணனுக்கே தெரியாது. கேட்டுப் பார்த்தார். முறைத்தேன்.

என் போனும் திரும்பி வந்துவிட்டது. இருந்தாலும் கடிதம்தான் எழுதுவேன். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

இனி முக்கியமான சேதி. நான் ஒரு திருடனைப் பிடித்துவிட்டேன்!

நேற்று தெரியாத நம்பரிலிருந்து ஒரு செய்தி வந்தது. "அண்ணி, நான்தான். போன் தொலைந்துவிட்டது. இது தோழியின் எண். அவசரமாகப் பணம் வேண்டும், கீழே உள்ள கணக்கில் உடனே போடவும். பேச முடியாத இடத்தில் இருக்கிறேன்" என்று. பணத்தை அனுப்பக் கையும் போய்விட்டது. அப்புறம் யோசித்தேன். உடனே, அவசரம், பேச முடியாது. மூன்றும் ஒன்றாக வந்தால் நின்றுவிடு என்று அந்தக் கணக்குப் பெண் சொல்லியிருந்தாள். பதில் போடவில்லை. விதிப்படி உன் பழைய நம்பருக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, தொலைந்த போன் எப்படி அடிக்கும்? நீ எடுக்கவில்லை. இரண்டு தரம் போட்டேன். சரி, இவன்தான் என் நாத்தனாரின் போனையும் வைத்திருக்கிறான் என்று எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. புகார் நம்பரைக் கூப்பிட்டேன். அந்தப் போன் நம்பர், வங்கிக் கணக்கு, செய்தி வந்த நேரம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "இவ்வளவு தெளிவா யாருமே சொல்றதில்லம்மா" என்றார் அந்த ஆள். சாயங்காலத்துக்குள் கணக்கையும் முடக்கி, நம்பரையும் முடக்கிவிட்டார்களாம். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். மேனேஜரும் போன் செய்து பாராட்டினார். உன் அண்ணிக்கு ஐந்தாம் வகுப்புதான், ஆனாலும் எந்தக் கொம்பனும் இனி ஏமாற்ற முடியாது.

போனைப் பத்திரமாக வைத்துக்கொள். திருடன் அகப்பட்டானா என்று கேள்விப்பட்டால் எழுது.

வெற்றி வீராங்கனை


மார்ச் 6

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் செய்தது எல்லாம் சரி. ஒன்றைக்கூடக் குறை சொல்ல முடியாது.

அந்தச் செய்தியை அனுப்பியது நான். எங்கள் அலுவலகத்தில் ஊழியர்களை இப்படித்தான் சோதிக்கிறார்கள். உங்களையும் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒருவேளை நீங்கள் ஏமாந்தாலும் பணம் பத்திரமாக இருக்கட்டும் என்று என் சொந்தக் கணக்கைக் கொடுத்தேன். நீங்கள் கூப்பிட்டபோது நான், அவசரச் செய்திகளைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று முப்பது பேருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு போனில் உங்கள் நம்பரைப் பார்த்ததும், அண்ணி ஏமாறவில்லை என்று சந்தோஷப்பட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

முடக்கப்பட்ட அந்தக் கணக்கில் என் சம்பளம் நேற்று வந்து சேர்ந்தது. அது அங்கேயே இருக்கிறது. வங்கியில் விசாரித்தேன். புகார் மிகத் தெளிவாக இருப்பதால் நீக்குவதற்குக் கொஞ்ச நாளாகும் என்றார்கள்.

முடக்கப்பட்ட போன் நம்பர் எங்கள் மேலாளருடையது. இரவல் வாங்கியிருந்தேன். அவர் நாலு நாளாக என் மேஜைத் தொலைபேசியில்தான் எல்லாருடனும் பேசுகிறார். என் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு எழுதுகிறேன்.